கோல்பேயைப் போசகர் ஆக்கிய கோடை

எர்வின் கோல்பே என்ற ஜேர்மன்காரரைப் பதினேழு நாடுகள் வேலையை விட்டு நிறுத்தியிருக்கின்றன. பதினெட்டாவதாக நிறுத்தியது நாடு இல்லை. மொன்றியலில் உள்ள எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம். அதன் தலைவர் என் கணவர் கனகசிங்கம். அந்தச் செய்தியை அந்த மனிதருக்குப் பிரெஞ்சில் சொன்ன வாய் என்னுடையது.

எனக்கு உதைபந்தாட்டம் தெரியாது. டொலார்ட்டில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. இருபத்திரண்டு வளர்ந்த ஆண்கள் ஒரு பந்துக்காக அடிபடுவதைப் பார்க்கும்போது, நானாக இருந்தால் பந்தைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டியிருப்பேன் என்றுதான் நினைப்பேன். ஆனால் கழகத்தின் சட்டைகளைத் தோய்ப்பது தலைவரின் மனைவியின் பொறுப்பு. கழகத்தின் சட்ட யாப்பில் எழுதாத விதி அது. எழுதிய விதிகளில் ஒன்றைக்கூட யாரும் கடைப்பிடிக்காத கழகத்தில், இந்த ஒன்றை மட்டும் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

ஜேர்மனியில் உலகக் கிண்ணம் நடந்த வருடம் அது. ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை. சேற்றோடு மெஷினில் போட்டால் மெஷின் படுத்துவிடும் என்று, சட்டைகளை முதலில் பின்வளவு வேலியில் காயப்போட்டு மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு நிலவறையில் மகளோடு வந்து தங்கியிருந்த உயரமான கிழவர் வேலியருகே வந்தார். அதுவரை எங்களுக்குள் இருந்தது ஒரு 'போன்ஜூர்' மட்டும்தான். பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, வேலி நெடுகக் கைகளைப் பின்னால் கட்டியபடி நடந்தார்.

"ஆறாம் இலக்கம் இடது பக்கமாக மட்டும் விழுகிறார், மதாம். வலது முழங்காலில் பழைய அடி ஒன்று இருக்கிறது" என்றார் பிரெஞ்சில். "மூன்றாம் இலக்கத்தின் முதுகில் உப்புப் படிந்திருக்கிறது, பாருங்கள். அவர் மற்ற இருவருடைய வேலையையும் சேர்த்துச் செய்கிறார். ஒன்பதாம் இலக்கம் நேற்று விளையாடவில்லையா?"

"விளையாடினார். முழு நேரமும்."

"அப்படியென்றால் அவர் விழுவதில்லை. விழாதவர் ஓடுவதில்லை."

எனக்கு வாய் மூட மறந்துவிட்டது. ஆறாம் இலக்கம் பிரசாந்தின் முழங்கால் வன்னியில் வைத்து உடைந்தது. கழகத்திலேயே பாதிப் பேருக்கு அது தெரியாது. ஒன்பதாம் இலக்கம் லக்ஷன், என் கணவரின் தங்கை கமலாவதியின் ஒரே பிள்ளை. தலைமயிர் கலையாமல் விளையாடுவதில் வல்லவன். தோற்றால் மைதானம் சரியில்லை, சப்பாத்து சரியில்லை, மத்தியஸ்தர் சரியில்லை என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மூன்று வருடமாக அந்தச் சட்டைகளைத் தோய்க்கிறேன். நான் அழுக்கைத்தான் பார்த்தேன். இந்த மனிதர் அதற்குள் ஆட்களைப் பார்த்தார்.

நீங்கள் யார் என்று கேட்டதற்கு, ஜேர்மன்காரன், பல நாடுகளில் உதைபந்துப் பயிற்றுநராக இருந்தவன் என்றார். வீட்டுக்குள் ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னேன்.

"கோச்சோ? அதுவும் ஜேர்மன்காரனோ? எங்கடை வேலிக்கு அங்காலையோ?" என்று எழுந்தே விட்டார். "இஞ்சேரும், உதை ஏன் நீர் முதலே சொல்லேல்லை?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நெத்தியிலை எழுதியே ஒட்டியிருக்குது?"

அன்று பின்னேரமே நிர்வாக சபை கோல்பேயின் நிலவறைக்குப் போனது. நிர்வாக சபை என்றால் என் கணவர், செயலாளர் கிருபானந்தன், பொருளாளர் தியாகராசா அண்ணை. மூவருக்கும் பிரெஞ்சில் 'மெர்சி'க்கு மேல் ஓடாது. கோல்பேக்கு ஆங்கிலம் ஓடாது. டோகோவில் இருந்தபோது பிடித்த பிரெஞ்சு அவருடையது. அரசாங்க வகுப்பில் பிடித்த பிரெஞ்சு என்னுடையது. நடுவில் நான் இருந்தேன்.

நிலவறைச் சுவர் முழுக்க அணிகளின் படங்கள். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் இதே நெடிய மனிதர், வர வர நரைத்துக்கொண்டு. டோகோ, சூடான், நேபாளம், பொலிவியா, பிஜி, பர்மா என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஒரு நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த காலையில் சிப்பாய்கள் மைதானத்துக்குள் புகுந்திருக்கிறார்கள். புல்லுக்குக் கூடாது, பூட்ஸைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்றாராம் இவர். கழற்றிவிட்டு வந்தார்களாம். இன்னொரு நாட்டில் மலையேறிப் போய்த்தான் மைதானம். அங்கே ஏறி வரும்போது மூச்சு வாங்காத பொடியன்களை மட்டும் அணிக்கு எடுத்தாராம். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, தியாகராசா அண்ணை கையிலிருந்த தேத்தண்ணியைக் குடிக்க மறந்து இருந்தார். உலகம் முழுதும் சுற்றிய மனிதர் ஒருவர் எங்கள் கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்திருக்கிறார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

"எங்களுக்குப் பழக்கித் தருவாரோ எண்டு கேளும்" என்றார் என் கணவர்.

கோல்பே படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவற்றில் ஓர் இடத்திலும் நான் கடைசி ஆட்டம்வரை இருந்ததில்லை, மதாம்" என்றார். "மந்திரி மாறுவார், காசு முடியும், யாருக்காவது கோபம் வரும். அணியைக் கட்டுவேன், முடிவைப் பத்திரிகையில் படிப்பேன். எனக்கு எழுபத்தொரு வயது. சம்பளம் வேண்டாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முடியும்வரை இருக்க விடுவார்களா என்று கேளுங்கள்."

கேட்டேன். மூவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். "சத்தியமா எண்டு சொல்லும்" என்றார் என் கணவர். நான் சொன்னேன். சொன்னது என் வாய் என்பதால் அது என் வாக்கும் ஆகிவிட்டது.

செவ்வாயும் வியாழனும் பயிற்சி. முதல் நாளே என்னிடம் உடுப்புக் கொடிக் கயிறு இருக்கிறதா என்று கேட்டார். பின்வரிசையில் விளையாடும் நான்கு பேரின் இடுப்பையும் அந்தக் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிட்டு, பந்து போகும் பக்கமெல்லாம் போகச் சொன்னார். ஒருவன் வலது பக்கம் ஓட, மற்றவன் இடது பக்கம் இழுக்க, நாலு பேரும் ஒரு குவியலாக விழுந்தார்கள். மைதானம் சிரித்தது. கோல்பே சிரிக்கவில்லை, திரும்பவும் என்றார். திரும்பவும். இரண்டு கிழமை போனபிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டார். கயிறு இல்லை, ஆனால் நாலு பேரும் ஒன்றாகவே அசைந்தார்கள். தேர் வடத்தில் கை வைத்த ஆட்கள் போல, ஒருவன் முன்னே சாயும்போது மற்றவர்களும் சாய்ந்தார்கள். உதைபந்து தெரியாத எனக்கே உடம்பு புல்லரித்தது. கார்டெரியில் நாலு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்குள் என் உயிர் போய்விடும். இவர் நாலு தமிழரை ஒன்றாக நடக்கப் பண்ணிவிட்டார்!

ஆட்ட நாட்களில் ஒரு சொல் பேசமாட்டார். புல்லில் காலை நீட்டிக்கொண்டு இருப்பார். கேட்டால், "வியாழக்கிழமையோடு என் வேலை முடிந்தது. சனிக்கிழமை அவர்களுடையது" என்பார். இது எங்கள் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வழக்கம் வேறு. சந்தா கட்டிய ஒவ்வொருவரும் பயிற்றுநர்தான். கோட்டருகே முப்பது பேர் நிற்பார்கள். 'அடியடா' என்று பதினைந்து பேரும் 'பந்தைக் குடடா' என்று பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அவர்களை மைதானத்தின் மறுபக்கம் போய் நின்று கத்தச் சொல்லுங்கள் என்று கோல்பே என் மூலம் கேட்டுக்கொண்டார்.

"காசு கட்டுற எங்களுக்குக் கத்த உரிமை இல்லையோ?" என்று கிருபானந்தன் குதித்தார். குதித்தாலும் போனார்கள். அன்று இரண்டு கோலால் வென்றோம்.

லக்ஷனை அவர் விளையாட விடவில்லை. பக்கத்தில் புல்லில் இருத்திக்கொண்டார். ஒரு புல்லைப் பிடுங்கி அதனால் மைதானத்தில் எதையாவது காட்டுவார், லக்ஷன் பார்ப்பான். அவ்வளவுதான். முதல் இரண்டு ஆட்டமும் அவன் முகத்தை உம்மென்று வைத்திருந்தான். மூன்றாம் ஆட்டத்தில் புல் காட்டுவதற்கு முன்னமே அவன் தலை அந்தப் பக்கம் திரும்புவதைக் கண்டேன். ஊர்க் கழகங்களின் கிண்ணப் போட்டி அரையிறுதியில் கடைசி இருபது நிமிடம் அவனை இறக்கினார். அந்த ஞாயிறு ஒன்பதாம் இலக்கச் சட்டையை வேலியில் போட்டபோது அதில் முன்னும் பின்னும் சேறு. நான் அதைத் தூக்கிப் பக்கத்து வளவுக்குக் காட்டினேன். கோல்பே தொப்பியைக் கழற்றி அந்தச் சட்டைக்கு மரியாதை செய்தார்.

இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். கழகம் தொடங்கியதிலிருந்து நடக்காத காரியம். வினை அங்கேதான் தொடங்கியது. செயின்ட் ரெஜி வீதி முருகன் கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஆட்கள் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "வெள்ளைக்காரன் வந்து உங்கடை கழகத்தை நிமித்திப்போட்டான், கனகு!" என்றார் ஒருவர். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். என் கணவரின் முகம் மட்டும் சுண்டிப்போனது. வீட்டுக்கு வந்தால் லவாலிலிருந்து கமலாவதியின் தொலைபேசி.

"என்ரை பிள்ளையை நாய்க்குட்டி மாதிரிப் பக்கத்திலை இருத்தி வைச்சிருக்கிறான். கடைசிலை ஒரு கொஞ்ச நேரம் விடுறானாம். அண்ணை, நீங்கள் தலைவரோ, உவன் தலைவரோ?"

அந்தக் கேள்விதான் என் கணவருக்கு வேண்டியிருந்தது.

எங்கள் சங்கங்களில் ஒருவரை நேரே பார்த்துப் 'போ' என்று சொல்லும் வழக்கம் இல்லை. மேலே ஏற்றிவிடுவோம். போசகர் என்று ஒரு பதவி இருக்கிறது. போசகருக்கு வேலை இல்லை, வாக்கு இல்லை, கருத்தும் இல்லை; முன்வரிசையில் ஒரு கதிரை மட்டும் உண்டு. பொன்னாடை போர்த்தி அதில் இருத்திவிட்டால் அந்த மனிதர் கோபிக்கவும் முடியாது, நன்றி சொல்ல வேண்டும். இந்த வித்தையை உலகில் வேறு யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் மூவரும் வெற்றிலை, வாழைப்பழத் தட்டோடு நிலவறைக்குப் போனார்கள். நான் வரமாட்டேன் என்றேன். "நீர் வராட்டி ஆர் சொல்லுறது?" என்று என் கணவர் கெஞ்சினார். வேறு யாராவது கோணல்மாணலாகச் சொல்வதைவிட நானே சொல்வது மேல் என்று போனேன். என் கணவர் நீளமாகப் பேசினார். மாமேதை என்றார், கழகத்தின் கலங்கரை விளக்கம் என்றார். நான் ஒவ்வொன்றையும் சொன்னேன். கோல்பே பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாளைக்கு அணியை யார் தெரிவு செய்வார், மதாம்?"

"என் கணவர்" என்றேன். கோல்பேயைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தேன்.

அவர் சிரித்தார். ஏளனமான சிரிப்பில்லை.

"ஒரு நாட்டில் தொலைபேசியில் சொன்னார்கள். ஒரு நாட்டில் மைதானத்துப் படலையைப் பூட்டிவிட்டார்கள். வாழைப்பழத்தோடு இதுதான் முதல் தடவை" என்று ஒன்றை எடுத்து உரித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு, "உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். மழை பெய்தால் ஆறாம் இலக்கத்தின் முழங்கால் தாங்காது, பார்த்துக்கொள்ளட்டும். கோல் காக்கும் கிறிஸ்தோப்பர் டவுன்டவுனில் இரவு வேலை முடிந்து நேரே வருகிறவர், அவரோடு சத்தமாகப் பேச வேண்டாம். லக்ஷனைக் கடைசிப் பகுதியில் இறக்கினால் யாராலும் பிடிக்க முடியாது. அவன் நல்ல விளையாட்டுக்காரனாக வருவான்" என்றார்.

"என்னவாம்? திட்டுறாரோ?" என்று கேட்டார் என் கணவர். நான் சொன்னேன். அவர் தலை குனிந்தது. ஆனால் வெட்கம் வந்தால் திரும்பி நடக்கிற சாதி இல்லை அவர், இன்னும் வேகமாக அதே வழியில் போகிற சாதி.

மற்றவர்கள் படியேறிய பிறகு நான் நின்றேன். "நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"கொடுத்தீர்கள். இந்தக் கோடை முழுதும் அதை வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது" என்றார்.

வீட்டில் நான் கணவரை விட்டுவைக்கவில்லை. "கழுதைக்குத் தெரியுமே கற்பூர வாசனை! அந்த மனிசன் கேட்டது ஒண்டே ஒண்டு. பதினேழு நாட்டு மந்திரிமாரும் குடுக்காததை நீங்கள் குடுத்திருக்கலாம். அவங்களிலும் கேவலமாப் போனீங்கள்." அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

இறுதி ஆட்டம் லவாலில். கூடாரம் போட்டு முன்வரிசையில் நாலு கதிரை. கோல்பேக்கு மாலை போட்டு, மஞ்சள் பொன்னாடை போர்த்தி, நடுக் கதிரையில் இருத்தினார்கள். ஆகஸ்ட் வெயிலில் அந்தச் சரிகைத் துணிக்குள் அவர் நிமிர்ந்து இருந்தார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைப் பிழையாகச் சொன்னார்கள், எழுந்து வணங்கினார். எதிரே மைதானத்தின் மறுகரையில் என் கணவர் கையை வீசிக்கொண்டு நின்றார். லக்ஷன் தொடக்கத்திலேயே இறங்கியிருந்தான். துரத்திவிட்ட முப்பது பேரும் கோட்டுக்குத் திரும்பிவந்து, அடியடா, குடடா என்று தொடங்கிவிட்டார்கள். பின்வரிசை நாலு பேரும் நாலு திசையில் ஓடினார்கள். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டோம். கோல்பேயின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருடைய வலது கால் மட்டும் கதிரைக்குக் கீழே அசைந்துகொண்டிருந்தது.

இடைவேளையில் தலைவர் தோடம்பழத் துண்டுகளோடு நின்று அணிக்குப் பேச வேண்டும். அதுதான் முறை. என் கணவர் தோடம்பழம் வெட்டி வைத்த பேசின் சட்டியைத் தூக்கினார். பொடியன்கள் வந்தார்கள். லக்ஷன் ஒரு துண்டை எடுத்தான்.

"மாமா, கோவிக்காதேங்கோ" என்றான்.

சொல்லிவிட்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து கூடாரத்தை நோக்கி நடந்தான். யாருக்காக அந்தக் கிழவரைக் கதிரையில் ஏற்றினார்களோ, அவனே முதலில் நடந்தான். பின்னால் கிறிஸ்தோப்பர், பின்னால் நொண்டிக்கொண்டு பிரசாந்த், பிறகு எல்லோரும். வந்து கோல்பேயின் கதிரையைச் சுற்றிப் புல்லில் இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணாந்து அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கமலாவதி இரண்டாம் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோயிலில் திரை விலகும்போது வருகிற அந்த நடுக்கம் வந்தது.

கோல்பே எழுந்துவிட்டார். அவர் பதறி நான் கண்டது அப்போது மட்டும்தான். "மதாம், இவர்களைத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். இது இன்னொருவரின் அணி. என்னை நிறுத்திய பிறகு எந்த நாட்டிலும் நான் வாய் திறந்ததில்லை. அவருக்கு அவமானம் செய்யாதீர்கள் என்று சொல்லுங்கள்."

சொன்னேன். ஒருவரும் எழும்பவில்லை.

மறுகரையில் என் கணவர் பேசினோடு தனியே நின்றார். பிறகு அவரும் நடந்து வந்தார். அவருடைய கோபம் எனக்குத் தெரியும். பேசினை எங்கே எறியப் போகிறாரோ என்று பயந்தேன். அவர் அதைப் புல்லில் மெதுவாக வைத்தார். கோல்பேயின் முன்னால் வந்து நின்றார். இரண்டு கைகளாலும் முதலில் மாலையைக் கழற்றினார். பிறகு அந்தப் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து, உதறி, நாலாக மடித்து என்னிடம் தந்தார். எங்கள் சனம் பொன்னாடை போர்த்துவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். போர்த்திய ஒருவர் எல்லோரும் பார்த்திருக்க அதைத் திரும்ப எடுத்ததை அன்றுதான் பார்த்தேன். எடுத்துவிட்டு என் கணவர் பொடியன்களுக்கு நடுவில் புல்லில் இருந்தார்.

"இஞ்சேரும், அவர் என்ன சொல்லுறார் எண்டு எனக்கும் சேர்த்துச் சொல்லும்" என்றார்.

கோல்பே அதிகம் பேசவில்லை. பின்வரிசை நாலு பேரையும் எழுப்பித் தோளோடு தோள் உரச நிற்கவைத்தார். லக்ஷனை வெளியே இருந்து ஓய்வெடுக்கச் சொன்னார்; எங்கள் போட்டிகளில் வெளியே வந்தவர் திரும்பவும் இறங்கலாம். அவ்வளவுதான். பிறகு கதிரையில் ஏறவில்லை; கோட்டருகே போய் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். என் கணவர் முப்பது பேரையும் மறுபக்கம் துரத்தினார். அதற்கு அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு கோலும் விழவில்லை. கடைசியில் இறங்கிய லக்ஷன் புழுதிக்குள் தலைகுப்புற விழுந்து ஒன்று அடித்தான். இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஊதிவிட்டார்கள். இரண்டுக்கு ஒன்று. கிண்ணம் பக்கத்து ஊர்க் கழகத்துக்குப் போனது.

எங்கள் பொடியன்கள் புல்லில் விழுந்து கிடந்தார்கள். கோல்பே எழுந்து கோட்டில் நின்றார். வெகுநேரம் நின்றார். நான் பொன்னாடையைக் கையில் வைத்தபடி கிட்டப் போனேன்.

"முடிந்துவிட்டதா, மதாம்?"

"முடிந்துவிட்டது."

"இதுதான் கடைசி ஆட்டமா?"

"இதுதான்."

அவர் சுற்றிவரப் பார்த்தார். தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்போல இருந்தது அவர் பார்வை.

"முடிந்த பிறகு பயிற்றுநர் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாது. நான் இந்த இடத்துக்கு ஒருபோதும் வந்ததில்லை."

சொற்களைத் தேடி எடுத்துக் கணவரிடம் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோல்பேயை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"மற்றக் கழகத்துப் பொடியளுக்குக் கை குடுக்கவேணும். ஆட்டிறைச்சிக் கறியும் பாணும் இருக்கு, எங்களோடை இருந்து சாப்பிடவேணும்" என்றார். "அதுக்கு முதல் கோல் வலையைக் கழட்டவேணும். ஒவ்வொரு முறையும் நான் கதிரையிலை ஏறித்தான் கழட்டுறனான். நல்ல உயரமான ஆளாயிருக்கிறார், கழட்டித் தரட்டாம் எண்டு சொல்லும்."

சொன்னேன். கோல்பே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வலையைக் கழற்றப் போனார். என் கணவர் பின்னால் போய் மறுமுனையைப் பிடித்தார்.